பன்றி விரட்டிய துப்பாக்கி

என் அக்கா புருஷன் பொய் சொன்னார். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. தெரிந்தே, மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, என் அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு சொன்ன பொய். அதற்குக் கைதட்டல் வாங்கினார், சால்வையும் வாங்கினார். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் உள்ளூர் வரலாறு பேசுகிறவர்கள் சிலர் சேர்ந்து வருஷாவருஷம் ஒரு விழா நடத்துகிறார்கள். அதில்தான் எங்கள் வீட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார். மாமா சொன்னது இதுதான்: "இது ஒரு வெள்ளைக்காரக் கேப்டனின் துப்பாக்கி. கடலூர்க் கோட்டைக்காக வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட காலத்தில், எங்கள் குடும்பத்து முன்னோர் ஒருவர் கோட்டைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த கேப்டனின் தலைமாட்டிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதோ பாருங்கள், ஆங்கில எழுத்து. இதோ, வருஷம்."

பேசி முடித்ததும் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றித் துப்பாக்கிக்குக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கும்பிட்டது.

நான் மண்டபத்தின் கடைசியில் நின்றிருந்தேன். எல்லாருக்கும் வீரக்கதை கேட்டது. எனக்கு ஒன்றுதான் கேட்டது. அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் அப்பாவின் தாத்தா. அவர் தூங்குகிறவன் தலைமாட்டில் திருடினார் என்று இந்த ஆள் ஊரைக் கூட்டிச் சொல்கிறார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில். மாமா முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்து, போர்வையில் சுற்றிய துப்பாக்கியைக் கட்டிப்பிடித்திருந்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"யாரோடதுடா அந்தத் துப்பாக்கி?"

"நம்மளுதுதாம்பா."

"நம்மளுது கறுப்பா இருக்கும். இது எவர்சில்வர் குடம் மாதிரி மின்னுது. எவன் ஊட்டுதையோ எடுத்தாந்து காட்டியிருக்காரு உங்க மாமா."

மாமா முன்னாலிருந்து சிரித்தார். "மாமா, பாலிஷ் போட்டிருக்கு மாமா. நம்மளுதுதான்."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப நம்ம துப்பாக்கி எங்க?" என்றார்.

அதற்கப்புறம் உயிரோடு இருந்த நாளெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது கேட்பார். செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நாங்கள் காட்டினால் தலையை ஆட்டுவார், இது இல்லை என்று. கேள்வியோடேயே போய்ச் சேர்ந்தார்.

இதை நான் எழுதுவது அதற்காகத்தான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கடலூர் செம்மண்டலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எழுத்தில் நயம் எதிர்பார்க்க வேண்டாம். உண்மையை எதிர்பார்க்கலாம்.

எங்கள் நிலம் கம்மாபுரம் பக்கம். இப்போது அந்த இடத்தில் சுரங்கம் இருக்கிறது, நிலம் இல்லை. அந்தக் கணக்கு வேறு, அதை இங்கே பேசவில்லை. நிலம் இருந்தபோது பெரும்பாலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். மல்லாட்டை மண்ணுக்குள் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றி வரும். ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஒரு காணியை உழுது போட்டுவிடும். அந்தப் பட்டத்தில் கடன் வாங்கி விதைத்தவன் கதை அதோடு முடிந்தது.

அப்பாவின் தாத்தா அந்தக் காட்டுக்கெல்லாம் காவல் இருந்தவர். சொந்த நிலமும் வைத்திருந்தார், ஊர் நிலத்துக்கும் காவல் பார்த்தார். அறுவடையில் ஒவ்வொரு களத்திலிருந்தும் ஒரு பங்கு மல்லாட்டை அவர் வீட்டுக்கு வரும். யாரும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியதில்லை, தானாக வரும். அந்தக் காவலுக்கு வைத்திருந்ததுதான் இந்தத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, துணியோ காகிதமோ வைத்து, நீளக் கம்பியால் குத்திக் கெட்டிக்கிற ரகம். பெரும்பாலும் ரவை போட மாட்டாராம். வெறும் வேட்டுதான். சத்தம் கேட்டால் பன்றி ஓடிவிடும். அப்பாவே சின்ன வயதில் அவரோடு வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"ஒரு வேட்டுப் போட்டா, கம்மாபுரத்துல கெடந்து தூங்கறவன் திரும்பிப் படுத்துக்குவான். காட்டுல ஆளு இருக்குன்னு தெரிஞ்சிடும்ல" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கலெக்டர் மகன் கூட தன் குடும்பத்தைப் பற்றி அப்படிப் பேச மாட்டான்.

சுடுவது அப்பா காலத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் லைசென்ஸை விடவில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, சுவரில் சாய்த்து நிறுத்தி, கட்டையில் பதித்திருக்கும் சின்னப் பித்தளைத் தகட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார். பழைய பொட்டைத் துடைக்க மாட்டார். அதன் மேலேயே புதுப்பொட்டு. யாராவது துடைக்கப் போனால் கத்துவார். "சாமிக்கு வெச்சத எடுக்காத!" அப்படி வைத்து வைத்து, சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து புளியங்கொட்டை கனத்துக்கு இறுகிப்போய், அந்தத் தகடு இருந்த இடமே தெரியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அம்மா போன பிறகு அப்பா சிதம்பரத்தில் அக்கா வீட்டில் இருந்தார். துப்பாக்கியும் அவரோடு போனது. மாமா அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதை மகனிடம் கொடுத்துவிட்டு வரலாறு பேசத் தொடங்கியிருந்த நேரம். ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யன். ஆனால் அந்த நன்றிக்காக இந்தப் பொய்யை விழுங்க முடியாது.

அப்பா காரியமெல்லாம் முடிந்து, வாரிசு என்று மனுப் போட்டு, விசாரணை, அலைச்சல் எல்லாம் கழித்து லைசென்ஸ் என் பேருக்கு மாறியது. துப்பாக்கி செம்மண்டலத்துக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் மேசைமேல் கிடத்திப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. குழலைப் பாலிஷ் கடையில் கொடுத்து, சுழலும் பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். எத்தனையோ காலமாக ஏறியிருந்த அந்தக் கறும்பழுப்பு நிறம் போய்விட்டது. வெள்ளிபோல் மின்னிய இரும்பில் கடலூர் உப்புக்காற்று பட்டு, பொட்டுப்பொட்டாகப் புதுத்துரு. கட்டைக்கு வார்னிஷ். குழலின் மேல்பக்கம் நான் முன்பு பார்த்திராத மூன்று ஆங்கில எழுத்து, அதற்குக் கீழே ஆயிரத்து எழுநூறு சொச்சம் என்று ஒரு வருஷம்.

சந்தனப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. பாலிஷ் கடைக்காரர் எல்லா இடத்தையும் உரித்தவர், சாமிப் பொட்டில் கை வைக்கவில்லை.

துருவைப் பார்த்ததும் கடையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து பூசப் போனேன். என் மனைவிதான் நிறுத்தினாள்.

"மோட்டாருக்கு அடிக்கிறத இதுக்கும் அடிப்பீங்களா? உங்க மாமா ஒரு கை பாத்தாரு, நீங்க ஒரு கை பாருங்க. யாராச்சும் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க."

தெரிந்தவர் சிதம்பரத்திலேயே இருந்தார். ஒரு மியூசியத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. எனக்குச் சமமாகக் கோபக்காரர். லைசென்ஸும் கையுமாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். உறையைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அது எந்தக் காலத்துத் துப்பாக்கி என்பதல்ல.

"உள்ள மருந்து இருக்கா, இல்லையா?"

"சுடறத நிறுத்தி ரொம்ப காலமாச்சுங்க."

"நிறுத்திட்டா காலின்னு அர்த்தமா? கடைசியா சுட்டவரு கெட்டிச்சு வெச்சிட்டுப் போயிருந்தா? வாயை அந்தச் சுவத்துப் பக்கம் திருப்புங்க. முன்னால யாரும் நிக்காதீங்க."

ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விட்டார். அடியில் முட்டியதும் வாயோரம் பென்சிலால் கோடு போட்டார். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளந்தார். குழலின் அடியில், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு இருக்கும் இடம் வரைக்கும் குச்சி போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு சாண் குறைந்தது. அடியில் என்னவோ இருக்கிறது.

மேடையில் காட்டிய கற்பூரம் கண்முன் வந்து நின்றது. முன்வரிசையில் என் அப்பா. அவருக்குப் பக்கத்தில் குழந்தைகள்.

"இனி நீங்களும் தொடாதீங்க, நானும் தொட மாட்டேன்" என்றார் அந்த அம்மா. அங்கிருந்து துப்பாக்கி நேராக லைசென்ஸ் பெற்ற ஒரு ஆயுதக் கடைக்குப் போனது. அவர்கள் முறைப்படி பார்த்து, நனைத்து, சுத்தம் செய்து கொடுத்தார்கள். உள்ளே மருந்து இல்லை. குளவி கட்டி உதிர்ந்து இறுகின மண். அதற்கும் அடியில் எண்ணெயில் முக்கிய ஒரு துணிச்சுருள். பிரித்தால் பச்சைக் கரை. என் அப்பாவின் துண்டு. குழலுக்குள் துரு பிடிக்கக்கூடாது என்று கிழித்துச் செருகியிருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை.

வெளிப்பக்கம் மாமா கைக்குப் போனது. உள்பக்கம் அப்பா கையில் இருந்தது. உள்பக்கம்தான் தப்பித்தது. அந்தக் கடைக்காரர் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பழைய குழல்ல உள்பக்கம் இப்படி இருந்து நான் பாத்ததில்ல" என்றார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரோட்டோரம் ஒரு டீ குடித்தேன். ஒரு காரணமும் இல்லாமல் டீக்கடைக்காரரிடம் சிரித்தேன்.

பிறகு அது என்ன துப்பாக்கி என்று பார்க்க உட்கார்ந்தோம். அந்த அம்மா பூட்டுப் பகுதியைக் காட்டினார். குதிரை என்று சொல்வோமே, சுத்தி மாதிரி வந்து அடிக்கிற பாகம், அது ஒரு சின்ன மொட்டின் மேல் வந்து விழுகிறது. மொட்டின் தலையில் கேப்பு வைக்க வேண்டும். பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கிற கேப்புக்கு அண்ணன் மாதிரி, செம்பில் செய்தது.

"உங்க மாமா சொல்ற சண்டைக் காலத்துல இந்தக் கேப்பே உலகத்துல கிடையாது" என்றார். "அப்ப இருந்தது தீக்கல்லு. கல்லு உரசி, பொறி பறந்து, மருந்து பத்தும். கேப்பு வந்தது அதுக்கு ரொம்பப் பின்னாடி."

எனக்குச் சந்தோஷம். ஆனால் அவர் விடவில்லை. "அவசரப்படாதீங்க. தீக்கல்லுத் துப்பாக்கிய எடுத்துப் பின்னாடி கேப்புக்கு மாத்துறதும் உண்டு. மாத்தியிருந்தா, பழைய பாகத்தைக் கழட்டின ஓட்டை இருக்கும். அதை அடைச்ச தடம் இருக்கும். தேடுங்க."

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பூட்டுத் தகட்டைக் கழற்றி உள்பக்கமும் தேடினோம். அடைத்த தடம் ஒன்றுமில்லை. ஆரம்பத்திலிருந்தே கேப்புக்காகச் செய்தது. உள்ளே அரத்தால் இழைத்த கோடுகள் கையால் இழைத்தவை, ஒன்று சாய்ந்து, ஒன்று நேராக. திருகாணிகளைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. ஒரு ஓட்டையின் திருகாணி பக்கத்து ஓட்டைக்குப் போகவில்லை. ஒவ்வொன்றின் மரையும் வேறு. ஒவ்வொன்றையும் அந்தந்த ஓட்டைக்கென்றே தனியாக வெட்டியிருக்கிறார்கள். எந்தத் திருகாணி எங்கே என்று நான் அட்டையில் படம் போட்டுச் செருகி வைக்காமல் போயிருந்தால் திரும்பப் பூட்டவே முடிந்திருக்காது.

"பட்டாளத்துக்குன்னு தொழிற்சாலையில செஞ்சது இல்ல இது" என்றார் அந்த அம்மா. "நம்ம பக்கத்துப் பட்டறையில உட்கார்ந்து செஞ்சது. நல்ல கை. இரும்புப் பட்டையைச் சுத்திச் சுத்தி அடிச்சு ஒட்டிக் குழல் பண்ணியிருக்காங்க. உங்க மாமா தேய்ச்ச தேய்ப்புல அந்த ஒட்டு தெரியுது பாருங்க. அந்த ஒரு நல்லதுதான் அவரு செஞ்சது."

குழலைச் சாய்த்துப் பார்த்தேன். கயிறு முறுக்கின மாதிரி மெல்லிய கோடு சுற்றிச் சுற்றி வாய்வரை போயிருந்தது. இவ்வளவு காலம் வீட்டில் இருந்தும் எங்களில் ஒருவரும் பார்க்காத கோடு.

மிச்சம் இருந்தது சந்தனப் பொட்டு. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன். அப்பா கத்துவது காதில் கேட்டது. அந்த அம்மா, "அடியில பித்தளை அரிச்சுக்கிட்டிருக்கும். பொட்டு முக்கியமா, தகடு முக்கியமா?" என்றார். வீட்டில் கேட்டேன். "ஒரு தட்டுல எடுத்து வெச்சு ஆத்துல விட்டுடுங்க. சாமி கோச்சுக்காது" என்றாள் மனைவி.

கத்தி கூடாது, பிளேடு கூடாது. மூங்கில் குச்சியைச் சீவி, பஞ்சு சுற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து ஒத்தி ஒத்தி, ஊறினதை மட்டும் எடுக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான், என் கடையிலேயே இருந்தது. எடுத்த இடத்தை உடனே காய வைக்க வேண்டும். கடையை மதியம் மூடிவிட்டு உட்காருவேன். மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் கறுப்பு. மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அப்படி எங்கள் வீட்டு ஆயுத பூஜைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. மோட்டாரில் மயிரிழைக் கம்பியைக் கட்டிப் பழகின கை எனக்கு. நடுங்கவில்லை. பொட்டு வைத்த இடம் பச்சை பூத்திருந்தது. ஆனால் பாலிஷ் சக்கரம் அங்கே ஏறவே இல்லை. அதனால் தகட்டில் வெட்டியிருந்தது அப்படியே இருந்தது.

எழுத்து இல்லை. ஒரு குறி. அரிவாள் மாதிரி ஒரு வளைவு, அதன் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு, மேலே ஒரு புள்ளி. உளியால் ஆழமாக வெட்டியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது செப்டிக் டேங்க் கம்பில இருக்கிறதுல்ல?"

"என்னது?"

"மூடி தூக்குற கம்பிங்க. முனையில இப்படித்தான் வளைஞ்சிருக்கும். அதனாலதான் மூடில மாட்ட வசதியா இருக்கு."

பின்பக்கம் ஓடினேன். அந்தக் கம்பி, நாங்கள் செம்மண்டலத்துக்கு வந்தபோது பழைய வீட்டிலிருந்து வந்த இரும்புச் சாமான்களில் ஒன்று. செப்டிக் டேங்க் மூடியைத் தூக்க, முருங்கைக்கிளையை இழுக்க, நாயைத் துரத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். முனையைக் கழுவிப் பார்த்தேன். அரிவாள் வளைவு. குறுக்குக் கோடு. புள்ளி. மாட்டுக்குச் சூடு போடும் கோல் அது. எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் அந்த வீட்டுக் குறி உண்டு. மந்தையில் கலந்தாலும், சந்தைக்குப் போனாலும் யார் வீட்டு மாடு என்று தொடையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டுக் குறியை இன்னொரு வீட்டுக்காரர் போட மாட்டார்கள்.

கோலின் முனையைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தகட்டில் இருந்தது சின்னது, கோலில் இருந்தது பெரியது. மற்றபடி அதே குறிதான். என் அப்பாவின் தாத்தா பட்டறையில் போய் உட்கார்ந்து, "என் வீட்டுக் குறியைப் போடு" என்று சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறார். திருடுகிறவன் யாராவது திருட்டுப் பொருளில் தன் வீட்டுக் குறியை உளி வைத்து வெட்டுவானா?

என் மனைவி சிரிக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். அந்தக் கோலை இப்போது வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். மூடி தூக்க வேறு கம்பி வாங்கிக் கொடுத்தாயிற்று.

அந்த ஆங்கில எழுத்தின் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அக்கா எனக்கு வைத்தது அவர்கள் வீடு கட்டிப் புகுந்தபோது வந்தவர்களுக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டு. மிச்சமானதை வீட்டில் புழங்குகிறார்கள். சோற்றைத் தள்ளினேன். தட்டின் விளிம்பில் பேரும் வருஷமும் வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் மெஷினில் வெட்டித் தருவார்களே, புள்ளி புள்ளியாக, அது. புள்ளிகள் நெருக்கமாகப் போய், எழுத்து திரும்பும் இடத்தில் கொஞ்சம் ஆழமாகக் குத்தும். நம் ஊரில் கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணின் குடத்திலும் இருக்கும் எழுத்து. அதே எழுத்துதான் எங்கள் துப்பாக்கிக் குழலிலும் இருந்தது. பூதக்கண்ணாடியில் நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்த மாதிரி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"மாமா, இந்தத் தட்டுல பேரு எங்க வெட்டுனீங்க?"

"மேல வீதில ஒரு பாத்திரக் கடையில. ஏன் மச்சான்?"

"துப்பாக்கிக்கும் அங்கியேதானா?"

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள். மாமா ரசச்சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இருக்கறதைத்தான் தெளிவா வெட்டச் சொன்னேன். மங்கலா இருந்துது."

"மங்கலா என்ன இருந்துது? நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், அங்க ஒண்ணும் இல்ல."

"மச்சான், கோவப்படாத. ஜனங்களுக்கு ஒரு கதை வேணும். பன்னி வெரட்டுன துப்பாக்கின்னா எவன் வந்து பார்ப்பான்? உங்க தாத்தாவத்தானே பெருசாச் சொன்னேன்?"

"திருடன்னு சொன்னீங்க."

"வீரன்னு சொன்னேன்."

"தூங்கறவன் தலைமாட்டுல எடுத்துக்கிட்டு ஓடியாரவன் வீரனா? காசு குடுத்து செஞ்சி வாங்கி, ஊரு காட்டைக் காப்பாத்துன மனுஷன் ஒங்களுக்குக் கேவலமாப் போயிட்டாரா?"

"தம்பி, சாப்பாட்டுல கை வெச்சிட்டுச் சண்டை போடாதடா" என்றாள் அக்கா. அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். பாத்திரக் கடையில போயி துப்பாக்கிக்குப் பேரு வெட்டியிருக்கீங்க. சீர் வரிசைக்குக் குடுக்கவா?"

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா கை கழுவ எழுந்து போனார். கிளம்பும்போது வாசலில் வந்து, "வீட்டுக்குள்ள ஒத்துக்கறேன் மச்சான், வெளியில வேணாம். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு" என்றார். உங்களுக்கு இருக்கிறது மாமா. என் அப்பாவின் தாத்தாவுக்கு?

அந்தப் புள்ளி எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று மியூசியம் அம்மாவிடம் கேட்டேன். "எடுத்தா இன்னும் கொஞ்சம் இரும்பு போகும். ஏற்கெனவே போனது போதும். அதுவும் இனி இந்தத் துப்பாக்கியோட கதைதான்" என்றார். விட்டுவிட்டேன். சாட்சியாக இருக்கட்டும்.

இப்போது துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். சுவரில் மாட்டவில்லை, பூட்டிய பீரோவில் மெத்தை வைத்துப் படுக்க வைத்திருக்கிறேன். வெறுங்கையால் தொடுவதில்லை, வேர்வை இரும்பைத் தின்னும். நல்லெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் இல்லை, அவை பிசினாகிவிடும். புதுத்துருவை எடுத்துவிட்டு, மெல்லிய மெழுகு பூசி மெத்தென்ற துணியால் துடைத்தேன். பித்தளைக்குப் புளி போடுவதில்லை. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றுகிறேன். குழலின் நிறம் மெதுவாக இருண்டு வருகிறது. அப்பா பார்த்தால் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டார். பாதி ஒத்துக்கொள்வார். ஆயுத பூஜைக்குப் பொட்டு உண்டு, ஆனால் மெத்தைக்கு முன்னால் ஒரு வெற்றிலையில். கேரளத்துத் தந்தமோ ராஜா வாளோ வைத்திருக்கிறவன் எவனாவது என்னைவிட நன்றாக வைத்திருந்தால் கூட்டி வாருங்கள், பார்த்துவிடுகிறேன்.

பார்க்க வருகிறவர்களுக்கு மாட்டுச் சூட்டுக்கோலையும் சேர்த்துத்தான் காட்டுகிறேன். பன்றி விரட்டிய துப்பாக்கி என்றுதான் சொல்கிறேன். இதுவரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

மாமா, இந்த வருஷ விழாவிலும் உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். நானும் வருவேன், மண்டபத்தின் கடைசியில் நிற்க மாட்டேன். என் அப்பா உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். வீட்டு வாசலில் சொன்னது எனக்கு வேண்டாம். அன்றைக்குப் பிடித்த அதே மைக்கைப் பிடித்து, அன்றைக்குக் கைதட்டின அதே ஆட்கள் முன்னால், என் அப்பா ஆட்டோவில் உங்களைக் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அப்ப நம்ம துப்பாக்கி எங்க?